முட்டைக்கோஸ் சூப்பும் ஆறு கிலோவும்

ஜூன் 2, ஞாயிறு

இவர் ஆபீஸில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் இதுவரை மார்கழிக் கோலம் மட்டும்தான் போட்டு வைத்திருக்கிறேன். இன்று முதல் எடை எழுதப் போகிறேன். எங்கள் இரண்டு பேர் எடையும்.

இவருக்குத் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. குடலிறக்கம். ஆபரேஷன்தான் வழி என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஆனால் இப்போது செய்ய மாட்டாராம். “வயித்துல இவ்வளவு கொழுப்ப வச்சுக்கிட்டு தச்சா தையல் நிக்காது. தொண்ணூத்திரெண்டு கிலோ இருக்கீங்க. ஜூலை அஞ்சாம் தேதி வரும்போது எண்பத்தாறு இருக்கணும். இருந்தா மறு வாரமே முடிச்சிடலாம். இல்லேன்னா தள்ளிப் போடுவேன்” என்றார். அதற்குள் அந்தப் புடைப்பு இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு ஜெபராணி ஒரு காகிதத்தோடு வந்துவிட்டாள். முட்டைக்கோஸ் சூப். ஏழு நாள். எந்த நாளில் பழம், எந்த நாளில் காய், எந்த நாளில் வாழைப்பழமும் பாலும் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஜெபராணி தொடக்கப் பள்ளி டீச்சர். நாற்பத்தோரு வயது. போன வருஷம்வரை என்னைப் போலவேதான் இருந்தாள். மாடிப்படியில் பாதியில் நின்று இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு வாங்குவோம். இப்போது பதினோரு கிலோ குறைந்து, சுடிதார் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள்.

“இது ஆரம்பிச்சு வைக்கத்தான் அண்ணாச்சி. ஒரு வாரத்துக்கு மேல குடிக்காதிய. பொறவு என்ன செய்யணும்னா...” என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நான் கவனிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பாமல் இவரிடமே பேசிக்கொண்டிருந்ததைத்தான் கவனித்தேன்.

அவள் போனதும் இவர், “ஏ உலகு, நீயும் குடியேன். ஒத்தைக்கு எப்படிக் குடிக்க?” என்றார். சரி என்றேன்.

இவர் 92. நான் 74.

ஜூன் 3, திங்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இரண்டு பெரிய முட்டைக்கோஸ், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம். காகிதத்தில் செலரி என்று போட்டிருந்தது. கடைக்காரர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கொத்தமல்லித் தண்டை நறுக்கிப் போட்டேன். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. சமையலா இது? மாட்டுக்கு வைத்த கழுநீர் போல இருந்தது. வீடு முழுக்க முட்டைக்கோஸ் நாற்றம்.

இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். நானும்.

ஜூன் 4, செவ்வாய்

தலைவலி. இவர் 91. நான் 74.

ஜூன் 6, வியாழன்

இன்று வாழைப்பழமும் பாலும். இவர் 89.5. நான் 73.6.

ஒரே சட்டி, ஒரே கரண்டி, ஒரே அளவு. காய் நறுக்குகிறவள் நான், கழுவுகிறவள் நான், இரண்டு வேளையும் அடுப்பில் நிற்கிறவள் நான். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டரைக் கிலோ குறைகிறார். ஆம்பிளைகளுக்குச் சீக்கிரம் குறையுமாம், ஜெபராணி சொன்னாள். எதற்குமே ஒரு காரணம் வைத்திருப்பாள் அவள்.

ஜூன் 9, ஞாயிறு

ஏழு நாள் முடிந்தது. இவர் 88. நான் 72.9.

நாலு கிலோ. கீழ்வீட்டுக்காரர் கை கொடுத்தார். பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டதைப் பற்றி இவர் ஆபீஸ்காரர்கள் மூன்று பேருக்குப் போன் செய்து சொன்னார். ஜெபராணி படியில் பார்த்து, “அண்ணாச்சி, ஆளே மாறிட்டிய!” என்று கை தட்டினாள். பக்கத்தில் நானும் நின்றேன், கையில் குப்பைக் கூடையோடு. ஒரு கிலோ நூறு கிராம் குறைந்த நான்.

சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து இசக்கியம்மாள் மைனி போன். இவருடைய அக்கா. “ஏ உலகு, எந்தம்பி நாலு கிலோ எளச்சுட்டானாமே! நீ எப்ப எளைக்கப் போற?”

இந்த மைனிதான் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மறுவீட்டுச் சாப்பாட்டின்போது, பந்தியில் இருந்த அத்தனை பேரும் கேட்க, “எங்க வீட்டு வாசல் நெலைய அகலப்படுத்தணும் போலிருக்கே” என்று சொன்னவர். அன்று எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வேஷத்தில் உட்கார்ந்திருந்த இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் பட்டினி கிடந்திருக்கிறேன், தேனும் வெந்நீரும் குடித்திருக்கிறேன், கொள்ளுக் கஞ்சி காய்ச்சியிருக்கிறேன். ஒரு தடவை ஐந்து கிலோ குறைந்தேன். யார் கண்ணிலும் படவில்லை, இவர் கண்ணிலும்தான்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஒரு நியாயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 10, திங்கள்

படியில் ஜெபராணி இவரைப் பிடித்துக்கொண்டாள். “முதல் வாரம் குறையுதது பாதிக்கு மேல தண்ணிதான் அண்ணாச்சி. சோறு திங்க ஆரம்பிச்சதும் திரும்ப ஏறும். ஏறுச்சுனா பயப்படாதிய. சூப்ப விட்டுட்டு, சோத்தப் பாதியாக்கி காய அதிகமாக்குங்க. தெனமும் நடங்க. நான் ஒரு வாரந்தான் சூப்பு குடிச்சேன். மிச்சம் பதினோரு மாசம் நடந்துதான் எளச்சேன்.”

காலை ஆறு மணிக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் மைதானத்தில் நடக்கிறார்களாம். எங்களையும் கூப்பிட்டாள். எனக்கு முட்டுவலி என்றேன். இவர் போகிறேன் என்றார்.

ஜூன் 14, வெள்ளி

ஆறு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறார். சிரித்துக்கொண்டே வருகிறார். என்ன சிரிப்பு என்று கேட்டால், “டீச்சர் பள்ளிக்கூடத்துக் கத ஒண்ணு சொல்லிச்சு” என்கிறார். என்ன கதை என்று கேட்டால், “அத அது சொன்னாத்தான் நல்லாருக்கும்” என்கிறார். என்னிடம் பேசும்போது இந்த வாய் எங்கே போகிறதோ.

இன்று 88.9. கிட்டத்தட்ட ஒரு கிலோ திரும்ப ஏறிவிட்டது. முகம் சுண்டிப் போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கேசரி கிளறினேன், எனக்கு மட்டும்.

ராத்திரிக்கு மட்டும் மறுபடியும் சூப்பே வை என்றார். அந்த டீச்சர்தான் வேண்டாம் என்று சொன்னாளே என்றேன். “அது சொல்லும். குடிச்சாத்தான் எனக்கு எளச்ச மாதிரி இருக்கு” என்றார்.

ஜூன் 15, சனி

பாவம், வெறும் தண்ணீரை எப்படிக் குடிப்பார். ஒரு மூடி தேங்காய் துருவி, முதல் பால் மட்டும் பிழிந்து, இவர் பங்கில் ஊற்றினேன். பச்சைவாடை போக ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டேன். என் பங்கில் ஊற்றவில்லை. நான் டயட்டில் இருக்கிறேன்.

முதல் வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

“என்னட்டி, சொதி மணக்கு?”

“இஞ்சி போட்டிருக்கேன். அதான்.”

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துப் போடுகிற ஊர் இது. இஞ்சி எது, தேங்காய்ப்பால் எது என்று தெரியாத ஆம்பிளை இங்கே உண்டா என்று ஒரு நிமிஷம் பக்கென்றது. ஆனால் இவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜூன் 20, வியாழன்

இவர் 89.1. நான் 73. தேங்காய் வாங்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

இவர் 89.6. நான் 73.1. இன்று பத்து முந்திரியும் அரைத்து விட்டேன். கெட்டியாக இருந்தால் பசி தாங்கும் அல்லவா?

ஜூன் 30, ஞாயிறு

ஜெபராணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். “எப்படிக்கா ஏறும்? சோத்தப் பாதியாக்கிட்டாவ. தெனமும் நாலு கிலோமீட்டர் நடக்காவ. ராத்திரி என்ன சாப்பிடுதிய அண்ணாச்சி?”

“சூப்புதாம்மா. வேற ஒண்ணுமில்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தேன். மெல்லிசாக, ஒரே சீராக. இன்று எனக்கு நறுக்கல் அமைந்த மாதிரி யாருக்கும் அமையாது.

ஐந்தாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். நேற்று மாலை கண்ணாடி முன்னால் நின்று அந்தப் புடைப்பை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் சட்டையை இறக்கிவிட்டார்.

ஊற்றுவதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மைனி போன் செய்து, தம்பி இப்போது எத்தனை கிலோ என்று கேட்டார். நான் எத்தனை கிலோ என்றும் கேட்டார். நிறுத்தவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இவர் 90. நான் 73.2. சர்ஜன் எடை மெஷினைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

“ஒரு மாசத்துல ரெண்டு கிலோ. மொத வாரம் நாலு குறைஞ்சதா நீங்களே சொல்றீங்க. அப்புறம் எங்க போச்சு? கட்டுப்பாடு வேண்டாமா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் கூடச் சேந்து சூப் குடிச்சீங்களாமே?” என்றவர் மறுபடி இவரிடம், “உங்க மிஸஸுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி உங்களுக்கு இருந்தா போதும் சார். பாவம், ரெண்டு வேளையும் சமைச்சுப் போட்டிருக்காங்க.”

இருபத்தாறு வருஷமாக யாராவது ஒருவர் இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கிடந்தேன். இவர் பக்கத்தில் இருக்கும்போது, இவர் காதில் விழும்படி. சொல்லிவிட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முந்தானையைச் சரி செய்துகொண்டு, “பரவாயில்ல டாக்டர்” என்றேன்.

ஆபரேஷன் ஆகஸ்ட் பதினாறுக்குத் தள்ளிப் போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் இவர் தூங்கிவிட்டார். நாலைந்து வாரமாக இவர் இப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை.

ஜூலை 6, சனி

இன்று ஊற்றவில்லை. தேங்காயைப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கொடுத்துவிட்டேன்.

சூப்பைக் குடித்துவிட்டு, “இன்னைக்கு இஞ்சி போடலியா?” என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். சரி என்றார்.

ஜூலை 13, சனி

இவர் 89. ஊற்றாவிட்டால் குறைகிறது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். தினமும் துணி காயப்போடப் போய்விடுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி பையில் இருந்தது.

காலை எட்டு மணிக்கு வாளியைத் தூக்கினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், கல் போல இருந்தது. இரண்டு தடவை வாந்தி. நான் கத்தினேன். ஜெபராணி வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார். ஜெபராணி பின்சீட்டில் இவர் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

குடல் சிக்கிக்கொண்டது, உடனே திறக்க வேண்டும் என்றார் அதே சர்ஜன். “இது எப்ப வேணும்னாலும் நடக்கும்னு சொன்னேனே. போன வாரமே ஆபரேஷன முடிச்சிருந்தா இந்த நெலமை வந்திருக்காது” என்றார். இந்தத் தடவை என்னைப் பாராட்டவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் இவர் என் கையைப் பிடித்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். “நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். சூப்புல...”

“தெரியும்ட்டி.”

“என்ன தெரியும்?”

“மொத நாளே தெரியும். நாக்கு செத்தா போச்சு எனக்கு?”

“பொறவு ஏன் குடிச்சிய?”

கண் கலங்கிவிட்டது இவருக்கு. “எங்க அய்யாவ இப்படித்தான் வயித்து ஆபரேஷன்னு உள்ள கொண்டு போனாவ. திரும்பி வரல. எடை குறையாட்டா தள்ளிப் போடுவாவல்லா? நீ ஊத்துத, நம்ம கேக்காண்டாம்னு இருந்துட்டேன். இப்பமும் பயமாத்தான் இருக்கு, உலகு.”

கதவை மூடிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் கூட இருந்திருக்கிறேன், இவருக்குப் பயம் என்பது எனக்குத் தெரியவில்லை. என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு குறைகிறார், யாரோடு சிரிக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினொன்றேகால். இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

இரண்டு மணி. பிழைத்துக்கொண்டார்.

ஜூலை 24, புதன்

இன்றுதான் குடிக்கக் கொடுக்கலாம் என்றார்கள். ஜெபராணி இளநீரோடு வந்தாள். அதே நேரம் கோவில்பட்டியிலிருந்து மைனியும் வந்து சேர்ந்தார். தம்பி கட்டிலைப் பார்த்ததும் அழுதார். அழுது முடித்ததும் யாரைத் திட்டலாம் என்று சுற்றிப் பார்த்தார்.

“நீதான அந்தச் சூப்பு டீச்சரு? ஊரு பேரு தெரியாத சூப்பக் குடுத்து எந்தம்பி கொடல முறுக்கிப் போட்டியே! ஒனக்கு யாரு வைத்தியம் பாக்கச் சொன்னா?”

அது பெரிய ஹால். பன்னிரண்டு கட்டில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராணியின் முகம் சிவந்துவிட்டது. “அதனால வராதும்மா, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க” என்று மெல்லச் சொன்னாள். மைனி கேட்கிற ஆளா? எடை ஏறினதுக்கும் நீதான் காரணம், ஆபரேஷன் தள்ளிப் போனதுக்கும் நீதான் காரணம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“எக்கா, சும்மா இரி. நான்தான் ஆபீஸ்ல வடை வாங்கித் தின்னேன்” என்றார் இவர், கட்டிலில் படுத்தபடியே.

அப்படியே விட்டிருக்கலாம். இவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். சர்ஜன் வாயால் வாங்கிய நல்ல பெயரும் எனக்கு மிஞ்சியிருக்கும். உண்மையை எழுதினால், மைனி அவளைத் திட்டத் தொடங்கியபோது முதல் இரண்டு வார்த்தை எனக்கு இனிக்கக்கூடச் செய்தது. மூன்றாவது வார்த்தைக்கு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். காப்பாற்றுங்கள் என்று பார்க்கவில்லை. நம்பிப் பார்த்தாள்.

“மைனி, அவள ஒண்ணும் சொல்லாதிய. நான்தான் சூப்புல தேங்காப்பால் ஊத்துனேன். மொதப் பால். இருவது நாளா. எடை குறையக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்.”

மைனி வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாய் மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. “நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று பிறகு கேட்டார். இவர் என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார், டிரிப்ஸ் குழாய் எட்டவில்லை.

ஜெபராணி இளநீரை மேஜையில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

ஜூலை 27, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

சாத்தித்தான் இருக்கிறது. படியில் பார்த்தேன், இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டாள். கூப்பிட நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவுச் சத்தம்தான் கேட்டது.

ஆகஸ்ட் 3, சனி

பத்து மணிக்கு அவளே வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணாச்சியப் பாக்க வரலக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஏன் ஊத்துனிய?”

“வயித்தெரிச்சல்தான். வேற என்ன. அவுக மேலயும், உன் மேலயும்.”

“என் மேல என்னத்துக்கு?”

“நீ எளச்சுட்ட. படியில நான் மட்டும் ஒத்தையில நின்னு மூச்சு வாங்குதேன்.”

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே இவர் கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. காது முழுக்க இங்கேதான் இருந்திருக்கும்.

“எவ்வளவு ஊத்துவிய?” என்று கேட்டாள்.

“ஒரு மூடி.”

“சின்ன மூடியா?”

“பெருசு. மொதப் பால் மட்டும். கடைசில முந்திரியும் அரச்சு விட்டேன்.”

“தெனமுமா?”

“தெனமும்.”

அவள் டீச்சர் அல்லவா, விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “சர்ஜன்கிட்ட போன அன்னைக்கு அண்ணாச்சி தொண்ணூறு. ஆரம்பிக்கையில தொண்ணூத்திரெண்டு. அப்ப இவ்வளவையும் குடிச்சும் ரெண்டு கிலோ எளச்சிருக்காவ. வெறுஞ்சூப்பு குடிச்சியளே, நீங்க எவ்வளவுக்கா?”

நான் டைரியைப் புரட்டினேன். ஆரம்பத்தில் 74. அன்று 73.2.

“எண்ணூறு கிராம்” என்றேன்.

ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. தோள் இரண்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். உள்ளேயிருந்து இவர், “ஏ, சிரிக்க வைக்காதிய, தையல் இழுக்கு” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும், திங்கட்கிழமை ஆறு மணிக்கு நடக்க வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். வருகிறேன் என்றேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மூடி, முதல் பால், தினமும், அதற்கு மேல் முந்திரி. அப்படியும் அந்த மனுஷன் என்னைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக இளைத்திருக்கிறார். பச்சையாகவே எழுதுகிறேன், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.